அக்கா, பயமா இருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். நாலு மாசமா ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கு திடுக்குன்னு முழிப்பு வந்துடுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை சில்லுன்னு ஆயிடுது, செத்துடுவேனோன்னு இருக்கு. டாக்டர்கிட்ட போய் ஈசிஜி, ரத்த டெஸ்ட் எல்லாம் பாத்தாச்சு, இதயத்துல ஒண்ணுமில்ல, இது பேனிக்னு சொல்லிட்டாங்க. ஜெபக் குழுவுல சொன்னா "தேவன் பயமுள்ள ஆவியை கொடுக்கலையே, உனக்கு விசுவாசம் பத்தல"ன்னாங்க. அதுல இருந்து பயத்தோட குற்ற உணர்ச்சியும் சேந்துடுச்சு, ஜெபம் பண்ணவே கூச்சமா இருக்கு. நான் விசுவாசி இல்லையா அக்கா? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த குற்ற உணர்ச்சியை கீழ வைங்க, மீதிய அப்புறம் பேசலாம்.

அவங்க சொன்ன வசனம் 2 தீமோத்தேயு 1:7. நல்ல வசனம்தான், ஆனா அதுக்கு அடுத்த வரிய படிங்க, "நீ வெட்கப்படாமல்"னு வரும். சுவிசேஷத்துக்காக பாடு அனுபவிக்க தயங்கி நின்ன ஒரு இளம் ஊழியக்காரருக்கு பவுல் தைரியம் சொல்லி எழுதினது அது, ராத்திரி நெஞ்சு அடிச்சுக்கிற ஒருத்திக்கு மார்க் போடறதுக்கு எழுதினது இல்ல. அந்த பவுலே 2 கொரிந்தியர் 7:5ல தன்னைப் பத்தி "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன"ன்னு ஒளிக்காம எழுதியிருக்கார். பவுலுக்கு விசுவாசம் பத்தலைன்னு உங்க ஜெபக் குழுவுல யாராவது சொல்வாங்களா, சொல்ல மாட்டாங்கல்ல.

அவ்வளவு ஏன், சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்"னு மாற்கு 14:33ல இருக்கு. பாவமே இல்லாதவருக்கு திகில் வந்திருக்குன்னா திகில் வர்றது பாவம் இல்ல, இதை நான் எத்தனை பேர்கிட்ட சொன்னாலும் முதல்ல ஒரு மாதிரி பாப்பாங்க, அப்புறம் கண்ணு கலங்கும்.

எனக்கும் ஒரு காலத்துல இது இருந்துச்சு, அதனால தான் இவ்வளவு கோவமா எழுதறேன். அப்ப நான் பண்ணின தப்பு என்னன்னா, பயம் போகட்டும், மனசு அடங்கட்டும், அப்புறம் முறையா முழங்கால் போட்டு ஜெபிக்கலாம்னு காத்துகிட்டே இருந்தது. சங்கீதம் 56:3 அப்படி சொல்லல, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்"னு தான் சொல்லுது, பயம் தீர்ந்த நாள்ல இல்ல. அந்த சங்கீதத்தோட தலைப்பைப் பாருங்க, தாவீதை பெலிஸ்தர் காத் ஊர்ல பிடிச்சப்போ பாடினதுன்னு இருக்கும். அங்க அவர் என்ன பண்ணினார்னு 1 சாமுவேல் 21ல இருக்கு, ராஜா ஆகீசுக்கு மிகவும் பயந்து, பைத்தியம் மாதிரி நடிச்சு, வாசல் கதவுல கீறிகிட்டு தாடியில நுரை ஒழுக நின்னார். கோலியாத்தை விழத்தட்டின அதே ஆள்தான். தைரியமும் பயமும் ஒரே ஆளுக்குள்ள இருக்கலாம், அதுல ஒண்ணும் அதிசயம் இல்ல.

சரி, ராத்திரி முழிப்பு வந்தா என்ன பண்றது? நீளமா ஜெபிக்க முயற்சி பண்ணாதீங்க, அந்த நேரத்துல மூளை வாக்கியம் கோக்காது. எழுந்து உக்காந்து, ரெண்டு காலும் தரையில படட்டும், மூச்சை மெதுவா இழுத்து இழுத்ததை விட நீளமா விடுங்க, இழுக்கும்போது "நான் பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்". வாய்விட்டு சொல்லுங்க, வீட்ல யாராவது முழிச்சா முழிச்சுக்கட்டும். நீளமா மூச்சு விட்டா இதய ஓட்டம் குறையும், உடம்பை அப்படித்தான் படைச்சிருக்கார், இதை யாராவது யோகான்னு சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுங்க. இன்னொண்ணு தெரிஞ்சுக்கங்க, பேனிக் பொதுவா 10 நிமிஷத்துக்குள்ள உச்சிக்கு போயிட்டு அப்புறம் தானா இறங்கும். அதனால "இதை உடனே எடுத்துப்போடும்"னு போராடறதை விட "இது இறங்கற வரைக்கும் என்கூட உக்காரும் ஆண்டவரே"ன்னு கேக்கறது எனக்கு ரொம்ப உதவுச்சு.

பகல்ல ஒரு வேலை இருக்கு. பிலிப்பியர் 4:6ல "எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை... தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்"னு இருக்குல்ல, நாம என்ன பண்றோம்னா எல்லாத்தையும் மூட்டையா கட்டி "என் கவலைகளை நீக்கும், ஆமென்"னு முடிச்சுடறோம். ஒரு நோட்டு எடுத்து ஒவ்வொண்ணா எழுதுங்க, வேலை போயிடுமோ, அம்மாவுக்கு ஸ்கேன்ல என்ன வருமோ, இந்த முழிப்பு இன்னிக்கும் வருமோ, வெக்கப்படற விஷயமா இருந்தாலும் எழுதி, அதை அப்படியே வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் வர்ற 7ம் வசனத்துல தேவசமாதானம் "காத்துக்கொள்ளும்"னு வருது பாருங்க, கிரேக்கத்துல அது ராணுவத்து வார்த்தை, பட்டாளம் ஊருக்கு காவல் நிக்கறதுக்கு சொல்றது. காவல் இருக்குன்னா வெளிய யாரோ கத்திகிட்டு இருக்காங்கன்னு தானே அர்த்தம். கத்தற சத்தம் கேக்கலாம், உள்ள வர விடாம ஒருத்தர் நிக்கறார்.

ஜெபக் குழுவை விட்டுடாதீங்க, ஆனா அதுல ஒரே ஒரு ஆளை, அறிவுரை சொல்லாம கேக்கத் தெரிஞ்ச ஒரு ஆளை பிடிச்சுக்கங்க. பவுலோட அந்த உள்ளே பயத்துக்கு தேவன் என்ன பண்ணினார்னு அடுத்த வசனத்துலயே இருக்கு, "தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்". தரிசனம் இல்ல, தூதன் இல்ல, ஒரு மனுஷன் வீடு தேடி வந்தான், அவ்வளவுதான்.

கேள்வி: பையனுக்கு வேலை கிடைக்கணும்னு உக்காந்து ஜெபம் பண்றேன்மா, அஞ்சு நிமிஷத்துல மனசு எங்கெங்கயோ ஓடிடுது, ஜெபமே கவலைப்படற நேரமா ஆயிடுது. இதுக்கு ஜெபம் பண்ணாமலே இருந்துடலாம் போல. (ஒரு தாய்)

பதில்: அம்மா, ஜெபமே கவலைப்படற நேரமா ஆயிடுதுன்னு நீங்க சொன்னதை படிச்சு சிரிச்சுட்டேன், ஏன்னா அது உண்மை, நாம நிறைய தடவை கண்ணை மூடிகிட்டு கவலைப்பட்டுட்டு அதுக்கு ஜெபம்னு பேர் வச்சுடறோம்.

சங்கீதம் 1ல "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்"னு வருதே, அந்த தியானத்துக்கு எபிரெயுல இருக்கற வார்த்தை சத்தமில்லாம யோசிக்கறது இல்ல, வாய்க்குள்ள முணுமுணுக்கறது. ஏசாயா 31:4ல சிங்கம் இரையை வச்சுகிட்டு உறுமறதுக்கும் அதே வார்த்தை தான். அதனால கண்ணை மூடி சும்மா உக்காராதீங்க, நடந்துகிட்டே, துணி மடிச்சுகிட்டே, ஒரு வசனத்தை முணுமுணுத்துகிட்டே இருங்க. மனசு ஓடுச்சுன்னா திட்டாதீங்க, எங்க ஓடுச்சோ அதையே ஜெபமா ஆக்குங்க, பையனோட இன்டர்வியூ பக்கம் ஓடுச்சா "ஆண்டவரே அந்த இன்டர்வியூ"ன்னு சொல்லிட்டு வசனத்துக்கு திரும்பிடுங்க. புதுசு புதுசா வார்த்தை தேடவும் வேணாம், இயேசுவே கெத்செமனேல மூணாம் தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபம் பண்ணினார், மத்தேயு 26:44.

கேள்வி: மனப் பதற்றத்துக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார். ஜெபமும் பண்ணி மாத்திரையும் போட்டா தேவனை சந்தேகப்படற மாதிரி ஆகாதா? நிறுத்திடலாம்னு பாக்கறேன்.

பதில்: நிறுத்தாதீங்க. டாக்டரை கேக்காம திடீர்னு நிறுத்தினா சில மாத்திரைகள்ல பதற்றம் முன்ன விட அதிகமா திரும்பி வரும், அப்புறம் அதையும் பிசாசு மேல போடுவோம். அடிக்கடி உடம்பு சரியில்லாம போன தீமோத்தேயுவுக்கு பவுல் "இன்னும் ஜெபி"ன்னு எழுதல, வயித்துக்காக கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கோன்னு எழுதினார், 1 தீமோத்தேயு 5:23. எலியா தீர்க்கதரிசியை எடுத்துக்கங்க, யேசபேல் ராணிக்கு பயந்து ஓடி சூரைச்செடி கீழ படுத்து "போதும் கர்த்தாவே"ன்னு சாவு கேட்டவர், அவருக்கு தூதன் பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி "எழுந்திருந்து போஜனம்பண்ணு"ன்னார். தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும். சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார், மறுபடியும் சாப்பாடு. ஓரேப் மலையில தேவனோட அந்த மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் இதுக்கு அப்புறம் தான். உங்களுக்கும் எலியா மாதிரி "போதும்"ங்கற எண்ணம் வருதுன்னா தயவு செஞ்சு நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னிக்கே வீட்ல ஒருத்தர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க, ஜெபத்தையும் அவங்களையே கூட உக்கார வச்சு பண்ணுங்க.

கேள்வி: பைபிள்ல "பயப்படாதே"ன்னு 365 தடவை இருக்காமே, ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு! இதை தான் நான் எல்லாருக்கும் பார்வர்ட் பண்ணிகிட்டு இருக்கேன். உண்மை தானே அக்கா? (ஒரு தம்பி)

பதில்: கேக்க நல்லா இருக்கு தம்பி, ஆனா எண்ணிப் பாத்தா அவ்வளவு வராது. நான் ஒரு காலத்துல இதை கூட்டத்துலயே பேசியிருக்கேன், அப்புறம் ஒரு பெரியவர், பைபிள்ல எந்த வார்த்தை எங்கெங்க வருதுன்னு காட்டற ஒத்தவாக்கிய புத்தகத்தை கையில கொடுத்து எண்ணும்மான்னு சொல்லிட்டார். அதுல ஒண்ணு கவனிச்சேன், நிறைய இடத்துல "பயப்படாதே" தனியா நிக்காது, ஏசாயா 41:10ல மாதிரி "நான் உன்னுடனே இருக்கிறேன்"னு பக்கத்துலயே காரணமும் வரும். இனிமே பார்வர்ட் பண்ணும்போது அந்த 365ஐ எடுத்துட்டு இந்த பாதியையும் சேத்து அனுப்புங்க.