மூன்றாவது கை யாருடையது? எண்டாஸ்கோப்பி ரோபோ: வாசகர் கேள்வி-பதில்

பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி பற்றிச் சென்ற முறை எழுதிய பிறகு வந்த கடிதங்களில் ரோபோவைப் பற்றிய கேள்விகளே அதிகம். அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

என் மாமனாருக்கு நெஞ்செரிச்சல். எண்டாஸ்கோப்பி பார்க்கச் சொல்கிறார்கள். பெங்களூருவில் ரோபோவை வைத்துச் செய்வதாக உறவினர் சொல்கிறார். அங்கே போகலாமா? (பாலக்கோடு வாசகி)

போகவேண்டாம் அம்மா. உறவினர் சொல்வது பெரும்பாலும் ரோபோ அறுவை சிகிச்சையாக இருக்கும். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, அவற்றின் வழியாக இயந்திரக் கைகளை நுழைத்துச் செய்வது அது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி இயந்திரம் அந்த வகைதான். உங்கள் மாமனாருக்குச் செய்யப்போவது வாய் வழியாகக் குழாயை விட்டு உள்ளே பார்ப்பது. பத்து நிமிட வேலை. தருமபுரியிலேயே செய்துகொள்ளலாம்.

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறேன். எங்கள் ஆலையில் ரோபோ தானாகவே வெல்டிங் வைக்கிறது. குடலுக்குள்ளும் அப்படித் தானாகச் செய்யுமா?

உங்கள் ரோபோவுக்கு முன்னால் வந்து நிற்கும் தகடு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது. குடல் அப்படி நிற்காது. அது நெளியும், சுருங்கும், மூச்சு விடும்போது ஏறி இறங்கும். இன்று நோயாளிகளுக்குப் பயன்படும் இயந்திரங்கள் மருத்துவரின் கை அசைந்தால் அசையும், நின்றால் நிற்கும். கை நடுக்கத்தை வடிகட்டும். ஒரு சென்டிமீட்டர் அசைவைச் சில மில்லிமீட்டராகக் குறைத்துத் தரும். முடிவெடுப்பது மனிதர்தான்.

செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். எண்டாஸ்கோப்புக்குள் கருவியைச் செலுத்தும் ரோபோவைத்தான் புராஜெக்டாக எடுத்திருக்கிறோம். இதில் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது?

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் தம்பி. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எண்டாஸ்கோப்பி செய்பவரின் இடது கை கைப்பிடியில் இருக்கும். முனையைத் திருப்பும் சக்கரங்களும், காற்று, நீர், உறிஞ்சும் பொத்தான்களும் அங்கேதான். வலது கை, உள்ளே போகும் குழாயைப் பிடித்திருக்கும். அப்படியானால் சோதனைக்குச் சதை எடுக்கும் இடுக்கியான பயாப்ஸி ஃபோர்செப்ஸையோ, கட்டியை அறுக்கும் சுருக்குக் கம்பியையோ யார் தள்ளுவது? வலது கை குழாயை விட்டால் முனை நழுவுகிறது. விடாவிட்டால் பக்கத்தில் நிற்கும் உதவியாளர் தள்ளவேண்டும். அந்த மூன்றாவது கைக்குப் பதிலாகத்தான் உங்கள் ரோபோ வரப்போகிறது.

இந்தக் கருவிகளின் நீண்ட கம்பியை இரண்டு உருளைகளுக்கு நடுவே கவ்வி மோட்டாரால் உருட்டுவது வழக்கமான வடிவமைப்பு. கரும்புச் சாறு இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நசுக்கக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் கம்பியின் உறை சிதையும், தளர்த்தினால் வழுக்கும். வழுக்கிவிட்டால் மோட்டார் ஐந்து மில்லிமீட்டர் தள்ளியதாகக் கணக்குக் காட்டும், முனையோ இரண்டு மில்லிமீட்டர்தான் போயிருக்கும்.

இதைவிடப் பெரிய தலைவலி உராய்வு. வழக்கமான இரைப்பை எண்டாஸ்கோப்பில் கருவி போகும் துவாரம் 2.8 மி.மீ., நீளம் ஒரு மீட்டருக்கும் மேல். குழாய் நேராக இருக்கும்வரை கம்பி சுகமாகப் போகும். இரைப்பையின் மேற்பகுதியைப் பார்க்க முனையைப் பின்னோக்கி மடக்கினீர்கள் என்றால் உராய்வு மடங்கு மடங்காகப் பெருகும். நம் பக்கத்து எருது விடும் விழாவில் பார்த்திருப்பீர்கள், காளையின் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் ஒற்றை ஆள் பிடித்து நிறுத்திவிடுவார். உங்கள் பாடத்தில் பெல்ட் உராய்வு என்று வரும் ஆய்லர் சமன்பாடு இதுதான். காளையை நிறுத்தும் அதே கணக்கு இங்கே நம் கம்பியை நிறுத்துகிறது. மோட்டார் இன்னும் அழுத்தித் தள்ளினால் கம்பி ஒரு கணம் சிக்கி, பிறகு சட்டென்று விடுபட்டுப் பாயும். எதிரே இருப்பது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள இரைப்பைச் சுவர்! எவ்வளவு தள்ளுகிறோம் என்பதை அளப்பதோடு எவ்வளவு விசையில் தள்ளுகிறோம் என்பதையும் அளந்து, ஓர் எல்லையைத் தாண்டினால் தானே நின்றுவிடும்படி செய்யுங்கள்.

இன்னொன்று தொய்வு. பழைய சைக்கிளில் பிரேக் பிடியை அழுத்தினால் முதல் அரை அங்குலம் ஒன்றுமே நடக்காதல்லவா? கம்பியால் இழுத்து இயங்கும் எல்லாக் கருவிகளிலும் அது உண்டு. வளைவு மாறும்போதெல்லாம் தொய்வின் அளவும் மாறும் என்பதால் ஒரே திருத்தக் கணக்கு எல்லா நிலைக்கும் பொருந்தாது. இதற்கு நல்ல விடை கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.

முன்னோடிகளில் சிங்கப்பூர் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஃபீ, மருத்துவர் லாரன்ஸ் ஹோ ஆகியோரின் குழுவைத் தேடிப் படியுங்கள். நண்டின் கொடுக்குகளைப் போல இரண்டு கைகளை எண்டாஸ்கோப் முனையில் பொருத்தினார்கள். தொடக்கநிலை இரைப்பைக் கட்டி இருந்த ஐந்து பேருக்கு அதைக்கொண்டு சிகிச்சை அளித்த முடிவுகள் 2012-ல் வெளியாயின. அந்தச் சிகிச்சை நடந்த இரண்டு இடங்களில் ஒன்று இந்தியாவில் இருக்கிறது.

பதினைந்து ஆண்டுகளாக எண்டாஸ்கோப்பி அறையில் மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று ஃபோர்செப்ஸ் பிடிக்கிறேன். ரோபோ வந்தால் என் வேலை போய்விடுமா? (ஊத்தங்கரை செவிலியர்)

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு நள்ளிரவு. இரத்தம் கசியும் புண்ணில் கிளிப் போடவேண்டும். உதவிக்கு அன்றுதான் பணியில் சேர்ந்த ஒருவர். "மூடுங்கள்" என்று நான் சொல்வதற்குள் மூடிவிட்டார். அந்தக் காலத்துக் கிளிப்பை மறுபடி திறக்க முடியாது. வீணான கிளிப் புண்ணுக்குப் பக்கத்திலேயே தொங்கி மறைக்க, இரண்டாவதை வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுவாரம் அதே அறையில் ஒரு மூத்த செவிலியர் நின்றார். "சார், கம்பி வளைகிறது, தள்ளாதீர்கள்" என்று நான் உணரும் முன்பே சொன்னார். திரையைப் பார்த்துச் சொன்னதல்ல, விரலில் உணர்ந்து சொன்னது.

அந்த விரல் உணர்வை இயந்திரத்துக்குக் கொடுப்பதுதான் இன்னும் கடினமாக இருக்கிறது. டா வின்சியிலேயே திசுவின் எதிர்விசையை மருத்துவரின் கைக்குத் திருப்பி உணர்த்தும் வசதி 2024-ல் அனுமதி பெற்ற ஐந்தாம் வகையில்தான் வந்தது. ரோபோ வந்தாலும் கருவியை மாற்ற, பொருத்த, சிக்கினால் விடுவிக்க உங்களைப் போன்றவர்தான் வேண்டும் சகோதரி. பயிற்சி வாய்ப்பு வந்தால் முதல் ஆளாகப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

சென்னை மருத்துவர் அங்கிருந்தபடியே எங்கள் ஊரில் சிகிச்சை செய்ய முடியுமா? (பென்னாகரம்)

முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். 2001 செப்டம்பரில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜாக் மாரெஸ்கோ நியூயார்க்கில் உட்கார்ந்து, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை அகற்றினார். 2018 டிசம்பரில் டாக்டர் தேஜஸ் படேல், காந்திநகர் அக்ஷர்தாம் வளாகத்தில் இருந்தபடி, சுமார் 32 கி.மீ. தொலைவில் அகமதாபாத்தில் இருந்த நோயாளியின் இதயக் குழாய்க்குள் கம்பியையும் ஸ்டென்ட்டையும் ரோபோ மூலம் செலுத்தினார்.

ஆனால் இரண்டு இடத்திலும் நோயாளிக்கு அருகே ஒரு முழு மருத்துவக் குழு தயாராக நின்றது. இரத்தம் பீறிட்டால் சென்னைக்காரர் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அருகில் நிற்க ஆள் இல்லாத ஊருக்கு இந்த ரோபோ பயன்படாது. எனக்கு வாய்ப்பிருந்தால் முதலில் அந்த ஆளைத்தான் கேட்பேன்.

அப்பாவுக்கு நுரையீரலின் ஓரத்தில் சிறு கட்டி. ரோபோ பிராங்கோஸ்கோப்பி என்கிறார்கள். ஏமாற்று வேலையா? (காவேரிப்பட்டணம்)

இல்லை. பிராங்கோஸ்கோப்பி என்பது மூச்சுக் குழாய்க்குள் ஸ்கோப்பை விட்டுப் பார்ப்பது. ரோபோவுக்கு நியாயமான வேலை இருக்கும் இடம் இது. மூச்சுக் குழாய் கிளை கிளையாகப் பிரிந்து மெலிந்துகொண்டே போகும், வழக்கமான ஸ்கோப் ஓரம்வரை எட்டாது. அமெரிக்காவில் 2018-ல் மோனார்க், 2019-ல் அயன் ஆகிய இயந்திரங்கள் இதற்கென அனுமதி பெற்றன. அயனின் குழாய் 3.5 மி.மீ. தடிமன்தான். கட்டியருகே போனதும் அது அசையாமல் நிலைத்து நிற்கும், பிறகு ஊசியைச் செலுத்திச் சதை எடுக்கலாம். சி.டி. வழியாக ஊசி போட்டு எடுக்கும் முறையும் உண்டு. இரண்டில் எது அப்பாவுக்குப் பொருந்தும் என்பது கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. நுரையீரல் மருத்துவரிடம் சி.டி. படத்தை வைத்து, ஏன் இது, ஏன் அது இல்லை என்று கேளுங்கள்.

ரோபோ என்றால் முதல் நாள் பேதி மருந்து குடிக்கவேண்டாமா? (அரூர்)

குடிக்கத்தான் வேண்டும். அழுக்கில் ரோபோவுக்கும் கண் தெரியாது.

காப்பீடு கிடைக்குமா? (கிருஷ்ணகிரி)

ரோபோ அறுவை சிகிச்சையைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் நிறுவனங்கள் அதற்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். வரம்பைத் தாண்டிய தொகை உங்கள் தலையில்தான் விழும். ஆகவே மருத்துவமனையில் சேரும் முன்பே, ரோபோவுக்கென்று தனியாக எவ்வளவு, பாலிசியில் வரம்பு எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு வழியில் பார்க்க நினைத்தால், சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ அறுவை சிகிச்சை வசதி இருக்கிறது. மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தோடு போய் விசாரியுங்கள்.