போக ஒரு மணி நேரம், வர இரண்டு மணி நேரமா?

நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தம்பி மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் சமையல் வேலையில் இருக்கிறான். அம்மாவோடு அவனைப் பார்க்கப் போகிறேன், திருச்சியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து மாலே. டிக்கெட்டில் கொழும்பில் காலை 7 மணிக்குக் கிளம்பி 8 மணிக்கு மாலே என்று இருக்கிறது. திரும்பும்போது 10 மணிக்குக் கிளம்பினால் 12 மணிக்குத்தான் கொழும்பு. ஒரே தூரம்தானே, வரும்போது சுற்றிக்கொண்டு வருகிறதா?"

சுற்றவெல்லாம் இல்லை அம்மா. இரண்டு பக்கமும் ஒன்றரை மணி நேரம்தான். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், மாலத்தீவு அரை மணி பின்னால். அங்கே 8 மணி என்றால் நம் கடிகாரத்தில் 8.30. அதனால் போகும்போது அரை மணி லாபம் போலத் தெரியும், வரும்போது அதையே திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து மாலே விமான நிலையம் இருக்கும் ஹுல்ஹுலே தீவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 775 கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து சென்னை போகும் தூரத்தைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாமே என்று தோன்றும், ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது, அதோடு கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை எல்லாமே டிக்கெட் கணக்கில் சேரும். காற்றால் சில நிமிடம் கூடலாம், குறையலாம், அவ்வளவுதான். திருச்சி–கொழும்பு சுமார் 420 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், கடிகாரத்தைத் தொடவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே பல ரிசார்ட்டுகள், விருந்தினருக்கு மாலை வெளிச்சம் நீளட்டும் என்று, மாலே நேரத்தைவிட ஒரு மணி முன்னால் சொந்தமாக ஒரு நேரம் வைத்துக்கொள்கின்றன. தம்பி "நாலு மணிக்கு போட்" என்றால் எந்த நாலு மணி என்று கேட்டுவிடுங்கள். ரிசார்ட் நேரமாக இருந்தால் மாலேயில் அது 3 மணி, நம் ஊரில் 3.30. விமானம் மட்டும் எப்போதும் மாலே நேரப்படிதான்.

அப்புறம், தம்பி இருக்கும் தீவுக்கு சீப்ளேனில்தான் (தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம்) போக வேண்டும் என்றால், அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்று ராத்திரி பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலே தீவில் அறை எடுக்க வேண்டியதுதான். காலை 8 மணிக்கு மாலேயில் இறங்கும் உங்கள் விமானம் நல்லதே. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவு அரசின் இணையப் படிவத்தையும் இருவருக்கும் நிரப்பிவிடுங்கள்.

திருச்சி–கொழும்பு, கொழும்பு–மாலே இரண்டும் ஒரே டிக்கெட்டா என்று பாருங்கள். தனித்தனி என்றால் கொழும்பில் குடியேற்றம் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு இலங்கையின் நுழைவு அனுமதியும் வேண்டும். வயதான அம்மாவை வைத்துக்கொண்டு அந்த அலைச்சல் வேண்டாம், கொஞ்சம் கூடுதலானாலும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள்.

வீட்டிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடு நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, கேட்டைத் தாண்டி வர வேண்டும் என்றால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.