பேட்டரியிலிருந்து வண்டிக்குள் ஒயர் இழுக்கிறீர்களா? ஃபியூஸ் எந்தப் பக்கம்?

கேள்வி: நான் கால்நடை மருத்துவர். கிராமங்களுக்குத் தடுப்பூசி கொண்டுபோக என் பழைய பொலேரோவின் பின்பக்கம் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறேன். லைட்டர் சாக்கெட்டில் செருகினால் அடிக்கடி நின்றுவிடுகிறது. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்கலாம் என்றேன். ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகடு) ஓட்டை போட்டு ஒயரை உள்ளே விட்டு, ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஃபியூஸ் வைக்கலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். சரிதானா?

நேராக ஒயர் இழுப்பது சரி. ஃபியூஸ் வைக்கச் சொல்லும் இடம்தான் தவறு. டாக்டர், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

ஃபிரிட்ஜைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பது ஒயரை. உங்கள் ஒயரில் ஆபத்தான இடம் ஃபயர்வால்தான். தகட்டின் விளிம்பு கத்தி போல இருக்கும், டீசல் என்ஜினோ ஓயாமல் அதிரும். உறை தேய்ந்து செம்பு தகட்டைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். ஃபியூஸ் பின்னால் ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருந்தால் அந்தக் கரன்ட் அதன் வழியாகப் போகவே போகாது. பேட்டரிக்கும் ஓட்டைக்கும் நடுவில் உள்ள ஒயர் பழுத்து, கூடவே போகும் மற்ற ஒயர்களையும் எரிக்கும். ஒருமுறை ஒரு வேனின் டேஷ்போர்டைக் கழற்றியபோது, கருகிய ஒயரின் மறுமுனையில் ஃபியூஸ் புதிதாக அப்படியே இருந்ததைப் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், தண்ணீர் புகாத ஹோல்டரில், 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் வையுங்கள்.

அடுத்தது ஒயரின் தடிமன். உங்கள் ஃபிரிட்ஜ் நின்றுபோவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம். ஃபிரிட்ஜ் சுமார் 5 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை 6 மீட்டர், திரும்பிவர 6 மீட்டர். 1 ஸ்கொயர் எம்எம் ஒயரில் வழியிலேயே 1.2 வோல்ட் போய்விடும். என்ஜின் நின்றிருக்கும்போது பேட்டரி 12.2 காட்டினால் ஃபிரிட்ஜுக்குக் கிடைப்பது 11 வோல்ட்தான். பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து அது தானாகவே அணைந்துவிடும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டோடு நின்றுவிடும். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தாக வேண்டிய உங்களுக்கு அந்தக் கூடுதல் செலவு வீண் இல்லை. நெகட்டிவுக்கும் அதே தடிமனில் தனி ஒயர் போடுங்கள்.

வீட்டு ஒயர் வேண்டாம். அதன் பிவிசி உறை பொதுவாக 70 டிகிரி வரைக்குமானது. மே மாத வெயிலில் பானெட்டுக்குள் சில இடங்கள் அதைத் தாண்டிவிடும். 105 டிகிரி தாங்கும் ஆட்டோ கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினிய ஒயரும் விலை மலிவில் விற்கிறது. முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி ஓட்டை. டிரில்லை எடுப்பதற்கு முன் இருக்கும் வழியைத் தேடுங்கள். கம்பெனி ஒயர்க்கட்டு உள்ளே நுழையும் இடத்தில் பெரிய குரோமெட் இருக்கும், அதாவது தகட்டின் விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையம். நம் ஊர் வண்டிகளில் பெடல், ஸ்டீயரிங் எல்லாம் வலப்பக்கம் என்பதால், இடப்பக்கம் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் முதலில் பாருங்கள். ரப்பரின் ஓரத்தில், ஒயர்க்கட்டுக்கு எட்டாத இடத்தில், முனை மழுங்கிய கம்பியால் மெல்லத் துளையுங்கள். பிளேடு வேண்டாம், உள்ளே இருக்கும் ஒயரை வெட்டிவிடும். பழைய கிளட்ச் கேபிளின் உள்கம்பியை முதலில் விட்டு, அதன் முனையில் ஒயரை டேப்பால் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

வேறு வழியே இல்லை, துளைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு துளையுங்கள். பிரேக் பைப்போ ஹீட்டர் குழாயோ இருக்கலாம். பிசிறை அரத்தால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டு, அளவான குரோமெட் மாட்டுங்கள். இடைவெளி இருந்தால் சிலிக்கான் வைத்து அடையுங்கள். மழைத் தண்ணீரும் என்ஜின் புகையும் உள்ளே வரும் வழி அது. ஒயர் மேலிருந்து ஓட்டைக்கு இறங்கினால் தண்ணீரும் கூடவே இறங்கும். கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேறி நுழையும்படி வையுங்கள், சொட்டு அங்கேயே விழுந்துவிடும்.

பானெட்டுக்குள் ஒயர் முழுக்க ஃப்ளெக்சிபிள் பைப்புக்குள் போகட்டும். சைலன்சர் மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் குழாய்), டீசல் பைப், ஃபேன் பெல்ட் மூன்றையும் விட்டு விலக்கிக் கட்டுங்கள். உள்ளே மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் ஏர்பேக்குடையது, தொட வேண்டாம்.

வேலை தொடங்கும்போது முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் பொறி பறக்கும். கடைசியில் நெகட்டிவை மாட்டி, அப்புறம்தான் ஃபியூஸைச் செருக வேண்டும். பிறகு ஃபிரிட்ஜ் ஓடும்போது அதன் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் காட்டுவதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஏதோ ஒரு லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் கொண்டி) சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை, அதாவது இறுக நசுக்கிப் பிடிக்கவில்லை. ஒரு மாதம் ஓட்டியபின் குரோமெட் பக்கத்தில் ஒயரைக் கையால் அசைத்து, உறை தேய்ந்திருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள்.