மணிக்கொரு ஸ்னாப்ஷாட் விழுந்தால் பேக்கப் ஆகிவிடுமா?

கேள்வி: லினக்ஸ் கணினியில் பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற ஃபைல் சிஸ்டம் போட்டு, ஹோம் ஃபோல்டருக்கு ஸ்னாப்பர் என்ற கருவி வழியாக மணிக்கொரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்க வைத்திருக்கிறேன். இதற்கு மேல் தனி பேக்கப் வேண்டுமா? பெரிய ஃபைல்களை அழித்தும் டிஸ்க்கில் இடம் கூடவில்லையே, ஏன்?

பதில்: வேண்டும். "டைமரை ஆன் பண்ணுங்க, பேக்கப் ரெடி" என்று முடித்துவிடும் வீடியோக்களைப் பார்த்துத்தான் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். உங்கள் கணினியில் இருப்பதும் ஒரே டிஸ்க்தான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது உங்கள் ஃபைல்கள் நகலாவதில்லை. ஃபைலும் ஸ்னாப்ஷாட்டும் டிஸ்க்கில் ஒரே பிளாக்குகளைத்தான் சுட்டுகின்றன. பிறகு ஃபைலைத் திருத்தினால் புதியது வேறிடத்தில் எழுதப்படும், பழைய பிளாக்கை ஸ்னாப்ஷாட் பிடித்துக்கொள்ளும். தவறி அழித்த ஃபைல் திரும்பக் கிடைப்பது இதனால்தான். 40 ஜிபி வீடியோவை அழித்தும் இடம் வராததும் இதனால்தான்: அதைப் பிடித்திருக்கும் கடைசி ஸ்னாப்ஷாட் போகும்வரை அந்த 40 ஜிபி திரும்பாது. டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

முதலில் எத்தனை ஸ்னாப்ஷாட் வைத்திருப்பது என்பதைக் குறையுங்கள். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் ஸ்னாப்பர் மணிக்கணக்கில் 10, நாள்கணக்கில் 10, மாதக்கணக்கில் 10, வருடக்கணக்கில் 10 என்று வைத்துக்கொள்ளும். அந்தக் கடைசி 10 பத்து வருடம் என்று அர்த்தம்! வீட்டுக் கணினிக்கு மணி 12, நாள் 7, வாரம் 4, மாதம் 2, வருடம் 0 போதும். அலுவலகக் கணக்கு வைத்திருப்பவர்கள் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், அதில் சண்டையில்லை. டைமர்கள் இரண்டு என்பதையும் பாருங்கள்: எடுப்பதற்கு டைம்லைன், கழிப்பதற்கு க்ளீனப். முதலாவதை மட்டும் ஆன் செய்தால் குவிந்துகொண்டே போகும். க்ளீனப் வகை எதுவும் குறிப்பிடாமல் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்டை எந்த டைமரும் தொடாது, நீங்களேதான் அழிக்க வேண்டும். அழித்த உடனேயும் இடம் வராது, பின்னணியில் மெதுவாகத்தான் விடுபடும். எவ்வளவு மீண்டது என்று பார்க்க வழக்கமாக டிஸ்க் இடம் காட்டும் டிஎஃப் கமாண்டை நம்பாமல், பிடிஆர்எஃப்எஸ்ஸின் 'ஃபைல்சிஸ்டம் யூசேஜ்' கமாண்டைப் பயன்படுத்துங்கள். இடம் போதவில்லை என்று டீஃப்ராக் (சிதறிய ஃபைல்களைச் சேர்த்து எழுதுவது) மட்டும் ஓட்டிவிடாதீர்கள். ஸ்னாப்ஷாட்டோடு பகிர்ந்திருக்கும் பிளாக்குகளை அது பிரித்து எழுதும், உள்ள இடமும் போய்விடும்.

பிரவுசர் கேஷ், டவுன்லோட்ஸ், விர்ச்சுவல் மெஷின் இமேஜ் போன்றவற்றைத் தனித்தனி சப்வால்யூமாக்கி (பிடிஆர்எஃப்எஸ் தனியாகக் கையாளும் ஃபோல்டர் போன்ற பகுதி) விடுங்கள். ஸ்னாப்ஷாட் உள்ளே இருக்கும் சப்வால்யூமுக்குள் இறங்காது, அந்த இடத்தில் காலி ஃபோல்டர் மட்டும் தெரியும். இது வசதி, ஆபத்தும்கூட. முக்கியமான ஃபோல்டர் ஏதாவது சப்வால்யூமாக இருந்தால், அது பேக்கப்பில் இல்லை என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். சப்வால்யூம் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இனி உண்மையான பேக்கப். வெளி டிஸ்க் ஒன்றை பிடிஆர்எஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்து, பிடிஆர்பிகே என்ற கருவியைப் போடுங்கள். அது படிக்க-மட்டும் ஸ்னாப்ஷாட் எடுத்து வெளி டிஸ்க்குக்கு அனுப்பும். முதல் தடவை முழுதாகப் போகும், அடுத்தடுத்து மாறியது மட்டும். அதற்கு இரண்டு பக்கமும் பொதுவான ஒரு பழைய ஸ்னாப்ஷாட் இருந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் மறுபடி முழுதும் அனுப்ப வேண்டியதுதான். ஸ்னாப்பர் எடுத்ததையே அனுப்ப வேண்டாம் என்பது இதனால்தான்: அதன் க்ளீனப் அந்தப் பொதுப் பிரதியை அழித்துவிடக்கூடும். பிடிஆர்பிகே தன் பிரதியைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். இந்தப் பக்கம் 14 நாள், வெளி டிஸ்க்கில் 20 நாள், 10 வாரம், 12 மாதம் என்று வையுங்கள். வெளி டிஸ்க்கில் வந்து சேர்ந்ததை ஒருபோதும் எழுதக்கூடியதாக மாற்றாதீர்கள், மாறியதை மட்டும் அனுப்பும் சங்கிலி அறுந்துவிடும்.

பலர் கவனிக்காத பொறி ஒன்று உண்டு. வெளி டிஸ்க் மவுண்ட் ஆகாத (ஒரு ஃபோல்டரில் இணைக்கப்படாத) நாளில், மவுண்ட் செய்யும் காலி ஃபோல்டர் உள் டிஸ்க்கிலேயே இருப்பதால், பேக்கப் உள் டிஸ்க்கிலேயே எழுதப்படலாம், எரர் எதுவும் வராது. இதற்கு மருந்து எளிது: டிஸ்க்கை மவுண்ட் செய்த பிறகு, அதற்குள் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதையே இலக்காகக் கொடுங்கள். டிஸ்க் இல்லாத நாளில் அந்த ஃபோல்டரும் இருக்காது, வேலை எரருடன் நின்றுவிடும். லேப்டாப் என்றால் பிடிஆர்பிகேயை நேரத்துக்கு ஓட்டும் சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' என்பதை ட்ரூ ஆக்குங்கள். இரவு அணைந்திருந்ததால் தவறியது காலையில் ஆன் செய்ததும் ஓடும்.

இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் இதைவிட நல்லது என்று சொல்ல வருபவர்களுக்கு: கேட்டவரிடம் இருப்பது பிடிஆர்எஃப்எஸ். வெளி டிஸ்க்கை பிடிஆர்எஃப்எஸ் ஆக மாற்ற முடியாதவர்கள் ஸ்னாப்ஷாட்டிலிருந்து ரெஸ்டிக் அல்லது போர்க் (Borg) என்ற பேக்கப் கருவி வழியாக எடுக்கலாம், அதுவும் சரியே.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். லினக்ஸில் ஃபைல் பெயருக்கு எல்லை 255 எழுத்தல்ல, 255 பைட். எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 15 பைட். ஆக நமக்குக் கிடைப்பது 85 குறி, கொம்பும் காலும் புள்ளியும் அதற்குள் அடக்கம். ஆங்கிலக்காரருக்கு 255! விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து நீளமான தமிழ்த் தலைப்புள்ள ஃபைல்களைக் கொண்டுவந்தால் சில 'பெயர் மிக நீளம்' என்று விழுந்துவிடும். ஹோமுக்கே வராத ஃபைல் எந்த ஸ்னாப்ஷாட்டிலும் இருக்காது. நகலெடுத்தபின் இரு பக்க ஃபைல் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வெளி டிஸ்க்கை வேறொரு லினக்ஸ் கணினியில் செருகி, போன வார ஸ்னாப்ஷாட் ஒன்றிலிருந்து நீங்கள் திருத்தாத ஒரு ஃபைலை எடுங்கள். அதன் ஷா256 எண்ணை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை) அசலோடு ஒப்பிடுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு டிஸ்க்கிலும் ஸ்க்ரப் (எழுதியது கெட்டிருக்கிறதா என்ற முழுச் சோதனை) ஓட்டுங்கள்.