பீப்பாயில் முதிரும் வினிகருக்கு எவ்வளவு குளிர்ச்சி வேண்டும்?

கேள்வி: ராயபுரத்தில் குடியிருக்கிறேன். கரும்புச்சாற்றில் தயாரிக்கும் வினிகரை 5 லிட்டர் ஓக் பீப்பாயில் ஊற்றி, மொட்டைமாடி அறையில் வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து பீப்பாயை அனுப்பிய என் மைத்துனர் அங்கே அதில் பீர் முதிர்த்தவர். 15 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது என்கிறார். நம் ஊர் வெயிலில் இது நடக்கிற காரியமா?

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது பீருக்குச் சரி. வெப்பம் கூடினால் மரத்தின் வழியே புகும் ஆக்சிஜன் பீரின் சுவையை விரைவில் கெடுப்பதோடு, அசிட்டிக் பாக்டீரியாவும் தலையெடுத்து அதைப் புளிக்கச் செய்துவிடும் என்பதால்தான், அதைப் பெரும்பாலும் 12 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கிறார்கள். அவர் விரட்டும் அதே பாக்டீரியாவை நம்பித்தான் உங்கள் வினிகர் இருக்கிறது. 15 டிகிரியில் அது சோம்பிப் படுத்துவிடும்.

சாற்றிலுள்ள ஆல்கஹால் அமிலமாக மாறி முடியும் வரை 25 முதல் 30 டிகிரி உகந்தது. கார்த்திகையிலிருந்து மாசி வரை இதற்காக நீங்கள் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில்தான் சிக்கல்: 35 டிகிரிக்கு மேல் பாக்டீரியா தளர்கிறது, 40ஐ நெருங்கினால் வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மொட்டைமாடி அறையின் கான்கிரீட் கூரையோ பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் உள்ளே இறக்கும். எனவே முதல் வேலையாகப் பீப்பாயைத் தரைத்தளத்தில் வெயில் படாத சுவரோரம் மாற்றுங்கள். கனத்த சுண்ணாம்புச் சுவருள்ள பழைய வீடாக இருந்தால் பாதிக் கவலை அத்தோடு தீர்ந்தது.

புளிப்பு முழுமையாக ஏறியபின் கணக்கு தலைகீழாகிறது. ஆல்கஹால் தீர்ந்த நிலையில், காற்றும் சூடும் தொடர்ந்து கிடைத்தால், அதே பாக்டீரியா தான் உண்டாக்கிய அமிலத்தையே தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றத் தொடங்கும். ஆகவே அப்போது பீப்பாயை விளிம்புவரை நிரப்பி, இறுக அடைத்து, இயன்றவரை குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். 20 முதல் 25 டிகிரி போதும்.

அதைவிட முக்கியம், வெப்பம் ஏறி இறங்காமல் இருப்பது. சூட்டில் விரியும் திரவம் மரத்துக்குள் புகும். குளிரும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும். பகலில் மட்டும் ஏசி போட்டு இரவில் நிறுத்துவதைவிட, நாள் முழுதும் 28 டிகிரியிலேயே விட்டுவிடுவது மேல் என்பேன். ஈரச்சாக்கு சுற்றும் பழக்கம் இங்கே அதிகம் உதவாது. கடற்காற்றின் ஈரப்பதத்தில் தண்ணீர் மெதுவாகவே ஆவியாகும், மரத்தில் பூஞ்சைதான் பிடிக்கும். காசிமேட்டில் மீனுக்குப் பயன்படுத்தும் பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி, பீப்பாயை அதனுள் வைத்து, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைக் காலையும் மாலையும் மாற்றி வாருங்கள். பாக்டீரியாவுக்குக் காற்று தேவைப்படும் முதல் கட்டத்தில் பெட்டியின் மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். பெட்டி மட்டும் புதிதாக இருக்கட்டும். மீன் வாடையை மரம் தயங்காமல் வாங்கிக்கொள்ளும்.

வெப்பமானியை அறைச்சுவரில் மாட்டாமல், பீப்பாயை ஒட்டி வைத்துப் பாருங்கள். சிறிய பீப்பாயில் லிட்டருக்கு லிட்டர் மரத்தின் தொடுபரப்பு அதிகம் என்பதால், நம் வெப்பத்தில் ஓக்கின் சாரம் வேகமாக இறங்கும். மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை ஒரு கரண்டி எடுத்துச் சுவையுங்கள். மரத்தின் துவர்ப்பு முன்னால் வந்து நின்றால், மாதக்கணக்கைப் பார்க்காமல் அன்றே கண்ணாடி ஜாடிக்கு மாற்றி நிறைத்து மூடிவிடுங்கள்.