வலி நின்ற பல்

கேள்வி: டொக்டர், என் கணவருக்கு 46 வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. கீழ்க் கடைவாயில் ஒரு சூத்தைப் பல். போன மாதம் இரவில் நித்திரை கொள்ளவிடாமல் வலித்தது. பார்மசியில் குளிசை வாங்கிப் போட்டார், வலி நின்றுவிட்டது. இப்போது முரசில் சின்னப் பரு மாதிரி வந்து உடைகிறது, வாய் உப்புக் கரிக்கிறதாம். "வலி இல்லைதானே" என்று வைத்தியரிடம் போக மறுக்கிறார். விடலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: விடாதீர்கள் மகள். வலி நின்றது பல் சுகமானதால் அல்ல. பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் மெல்லிய சதை இருக்கிறது. சூத்தை அதைத் தொடும்போதுதான் இரவு முழுக்க அந்த வலி. சதை செத்துவிட்டால் வலிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கிருமி மட்டும் வேர் நுனியால் இறங்கி, தாடை எலும்புக்குள் சீழ் கட்டும். அந்தச் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு வரும் வாசல்தான் அந்தப் பரு. போன் வெளிச்சத்தில் உதட்டை விலக்கிப் பாருங்கள். விரலால் மெதுவாக அழுத்தினால் மஞ்சளாக ஒரு சொட்டு வரும், நாறும். வடிந்துகொண்டிருப்பதால்தான் வலி இல்லை. வாசல் அடைபட்டால் கன்னம் வீங்கும்.

குளிசை ஏன் போதாது? அது இரத்தத்தோடுதான் போகும். செத்த பல்லுக்குள் இரத்தமே ஓடாதபோது மருந்து எப்படிப் போய்ச் சேரும்? வேர்க்குழாயைத் துப்புரவாக்கி அடைக்க வேண்டும், இல்லையென்றால் பல்லைக் கழற்ற வேண்டும். வேறு வழி இல்லை.

வேளாண்மை வெட்டு முடியட்டும் என்று தள்ளிப்போட்ட ஒருவர் படுவான்கரையிலிருந்து என்னிடம் வந்தார். அவர் வாய்க்குள் என் ஒரு விரல்கூட நுழையவில்லை. தாடைக்குக் கீழே கல் மாதிரி வீக்கம். நாக்குக்கு அடியில் வீங்கி மேலெழும்பினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், மூச்சு முட்டினால், நடுச்சாமம் என்றாலும் விடியும் வரை இருக்கக் கூடாது. உங்களுக்குக் கிட்ட இருக்கும் ஆதார வைத்தியசாலைக்கு உடனே போங்கள். தேவையென்றால் அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

உங்கள் கணவருக்கு அவசரம் இன்னும் கூட. சீனி கூடினால் சீழ் கூடும், சீழ் இருந்தால் சீனி இறங்காது. கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். பல் கழற்றப் போகிறோம் என்று பட்டினி கிடந்து வருகிறவர்கள் பலர். விறைப்பூசிக்கு அது தேவையே இல்லை. வழமைபோலச் சாப்பிட்டு, சீனிக் குளிசையும் போட்டுக்கொண்டு வரட்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் கேட்க மாட்டார்கள்.

அதுவரை இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கலாம். கன்னத்தில் ஒத்தடம் வேண்டாம், ஊசியால் குத்த வேண்டாம். அஸ்பிரினை முரசில் வைத்தால் சதை வெந்துபோகும்.

கேள்வி: 7 வயது மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் கறுப்புக் குழி. பால்பல்தானே, விழுந்துவிடும் என்கிறார் மாமி. சரியா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: எண்ணிப் பாருங்கள் தம்பி. நடுவிலிருந்து பின்னுக்கு ஐந்துதான் பால்பல். ஆறாவது என்றால் அது நிலையான பல். 6 வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைப்பதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. போனால் திரும்ப முளைக்காது. பால்பல்லாக இருந்தாலும் விடக் கூடாது. அதில் சீழ் பிடித்தால் அடியில் வளரும் பல்லும் கெடும். பாடசாலைப் பல் கிளினிக்கில் உடனே காட்டுங்கள், குழியை அடைத்துவிடுவார்கள்.

வீட்டில் காலையும் இரவும் தீட்டுங்கள். பற்பசையில் புளோரைட் 1000 பிபிஎம்முக்குக் குறையாமல் இருக்கிறதா என்று டியூபில் பாருங்கள். பட்டாணி அளவு போதும். தீட்டியபின் துப்பினால் சரி, தண்ணீர் விட்டு அலச வேண்டாம். படுக்கப் போகும்போது சீனி போட்ட பால்மாத் தேத்தண்ணி கொடுக்கிற வழக்கம் இருந்தால், தீட்டுவதற்கு முன்னால் கொடுத்து முடியுங்கள்.