லெலோங் (ஏலம்) வரை காத்திருக்காதீர்கள்: வீட்டுக் கடன் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் வீட்டுத் தவணை கட்ட முடியாமல் தவிப்பவர்களுடையதை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர்களை வெளியிடவில்லை.

பிறை வாசகர்: தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றுவிட்டது. தவணை 1,550 ரிங்கிட். இரண்டு மாதமாகக் கட்டவில்லை. இன்னும் 250,000 ரிங்கிட் பாக்கி, 20 வருடம் இருக்கிறது. பேங்கிலிருந்து போன் வந்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது. நானே போய்ச் சொன்னால் வீட்டை எடுத்துக்கொள்வார்களா?

எடுக்க மாட்டார்கள். பேங்குக்கு வேண்டியது உங்கள் வீடு அல்ல, தவணைதான். நீங்கள் பயப்பட வேண்டியது போனுக்கு அல்ல, மூன்றாவது தவணைக்கு. மூன்று தவணை பாக்கி விழுந்ததும் கணக்கு வாராக் கடனாகிவிடும். கோப்பு கடன் வசூல் பிரிவுக்குப் போகும், அங்கிருந்து வழக்கறிஞரிடம் போகும். அவருடைய கட்டணமும் உங்கள் கடனில்தான் ஏறும். தாமதக் கட்டணம் பெரிதல்ல. பாக்கி நிற்கும் தொகைக்கு மட்டும் வழக்கமாக ஆண்டுக்கு 1 விழுக்காடு. கோப்பு கைமாறுவதுதான் ஆபத்து. அதனால் இந்த வாரமே போய்விடுங்கள்.

போகும்போது கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, ஓவர்டைம் குறைந்ததைக் காட்டும் கம்பெனிக் கடிதம், வீட்டுச் செலவுகளை எழுதிய ஒரு தாள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அந்தத் தாளில் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று நீங்களே ஒரு தொகை எழுதியிருக்க வேண்டும். "கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அதிகாரியிடம் பதில் இருக்காது. "1,200 கட்ட முடியும்" என்றால் அவர் கணக்குப் போடத் தொடங்குவார்.

தவணைக் காலத்தை நீட்டுவது முதல் வழி. 4.25 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், 20 வருடத்தை 30 ஆக்கும்போது தவணை சுமார் 1,548இலிருந்து 1,230க்கு இறங்கும். மாதம் 318 ரிங்கிட் மிஞ்சும். ஆனால் முப்பது வருடம் முடியும்போது கூடுதலாக 71,000 ரிங்கிட் வட்டி கட்டியிருப்பீர்கள். ஓவர்டைம் ஆறு மாதத்தில் திரும்பும் என்று தெரிந்தால் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீட்டிவிட்டீர்கள் என்றால், சம்பளம் சரியானதும் பழைய தொகையையே கட்டுங்கள்; கூடுதல் பணத்தை அசலில் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எல்லாருக்கும் 30 வருடம் கிடைக்காது என்பதையும் மனத்தில் வையுங்கள். பெரும்பாலான வங்கிகள் 70 வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்கின்றன.

இரண்டாவது வழி, ஆறு மாதம் வட்டியை மட்டும் கட்டுவது. உங்கள் கடனுக்கு அது மாதம் சுமார் 885 ரிங்கிட். தற்காலிகச் சிரமத்துக்கு இதுதான் மலிவான மருந்து என்பது எங்கள் கருத்து. மூன்றாவது, தவணையை முழுதாக நிறுத்திவைப்பது. அந்த மாதங்களிலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 2020 ஏப்ரலில் கோவிட் நேரத்தில் எல்லாருக்கும் தானாகக் கிடைத்த ஆறு மாத ஒத்திவைப்பை நினைத்து இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். இப்போது கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் ஆளுக்கு ஆள் பார்த்துத்தான்.

எதை ஒப்புக்கொண்டாலும் கையெழுத்துக்கு முன் புதிய தவணை, கடன் முடியும் தேதி, மொத்த வட்டி, இப்போதுள்ள இரண்டு மாத பாக்கி என்ன ஆகும் என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். பதில் வரும் வரை முடிந்ததைக் கட்டிக்கொண்டே இருங்கள். பாதித் தவணை வீண்போகாது. பாக்கி மூன்று மாதத்தை எட்டுவதை அது தள்ளிப்போடும். வங்கிகள் பார்க்கும் கடன் வரலாறான சிசிரிஸ் அறிக்கையில் கடன் மறுசீரமைக்கப்பட்டதாகக் குறிப்பு விழும், சில காலம் புதுக் கடன் வாங்குவது சிரமம். பாக்கி மாதங்கள் வரிசையாகத் தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

கிரெடிட் கார்டு, கார் கடன், பர்சனல் லோன் எல்லாம் சேர்ந்து அழுத்தினால் ஏகேபிகேக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது. உங்கள் பேங்குகளோடு அவர்களே பேசி, எல்லாக் கடனுக்கும் ஒரே மாதத் தொகையாக ஏற்பாடு செய்வார்கள். கட்டணம் கிடையாது, யாராவது ஏகேபிகே பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் அது ஏமாற்று. குடும்பச் செலவு போக ஏதாவது மிஞ்ச வேண்டும் என்பது நிபந்தனை. வழக்கு முற்றிய நிலையில் இருப்பவர்களை அவர்களால் சேர்க்க முடியாது. முன்கூட்டியே போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

செந்தூல் வாசகர்: ஆட்குறைப்பில் வேலை போய் ஐந்து வாரம் ஆகிறது. இபிஎஃப் பணத்தை எடுத்து வீட்டுக் கடனில் போட்டுவிடலாமா?

முதலில் வேலைக் காப்புறுதித் திட்டத்தை நடத்தும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குப் போங்கள். வேலை இழந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; உங்களுக்கு நான்கு வாரம்கூட முழுதாக இல்லை. வேலைக் காப்புறுதித் திட்டத்தில் வேலை தேடும்போது கிடைக்கும் தொகை, கணக்கிடப்படும் சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, பிறகு 40, 40, 30, 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது நீங்கள் எவ்வளவு காலம் சந்தா கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. கம்பெனி கொடுத்த பணிநீக்கக் கடிதம் கட்டாயம் வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது. அதனால் "ராஜினாமா என்று எழுதிக் கொடுங்கள், மரியாதையாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் எழுதிக் கொடுக்காதீர்கள்.

இபிஎஃப் விஷயத்தில் அவசரம் வேண்டாம். 2024 மே முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. வீட்டுக் கடன் பாக்கியைக் குறைக்க ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து 50 ரிங்கிட் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பெரிய தொகையை அசலில் போட்டால் அடுத்த மாதத் தவணை தானாகக் குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பல கடன்களில் குறைவது தவணையல்ல, காலம்தான். 40,000 ரிங்கிட்டைப் போட்டுவிட்டு அடுத்த மாதமும் அதே தவணைக்கு அலைய வேண்டிவரும். வருமானம் நின்ற நேரத்தில் அந்தப் பணம் மாதாமாதம் தவணைக்குப் பயன்படுவதே நல்லது. மாதத் தவணைக்கென்றே இபிஎஃபில் தனி விண்ணப்பம் இருக்கிறது, அதைக் கேளுங்கள். மொத்தமாகத்தான் போட வேண்டும் என்றால், முதலில் பாக்கியை அடைத்து மீதிக்குத் தவணையைத் திரும்பக் கணக்கிடும்படி பேங்குக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகி: வழக்கறிஞரிடமிருந்து 'பாரம் 16டி' வந்திருக்கிறது. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

வேண்டாம், சகோதரி. அது காலி செய்யச் சொல்லும் கடிதம் அல்ல. தேசிய நிலச் சட்டப்படி, பாக்கியைக் குறிப்பிட்ட காலத்துக்குள், பொதுவாக ஒரு மாதத்துக்குள், கட்டித் தீர்க்கச் சொல்லும் அறிவிப்பு. அந்தக் காலம் முடிந்த பிறகுதான் பேங்க் ஏல உத்தரவு கேட்டுப் போக முடியும்.

வழக்கு எங்கே போகும் என்பதை உங்கள் கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 'கெரான்' அல்லது 'பஜாக்கான் நெகிரி' என்று இருந்தால் உயர் நீதிமன்றம். 'கெரான் முக்கிம்' அல்லது 'பஜாக்கான் முக்கிம்' என்றால் நில அலுவலகத்தில் விசாரணை. இரண்டிலும் உங்களுக்குத் தேதி சொல்லி அழைப்பாணை வரும். அந்த நாளில் கட்டாயம் போய் நில்லுங்கள். போகாமல் விட்டால் உங்கள் பக்கத்தைச் சொல்ல ஆளே இல்லாமல் உத்தரவு போய்விடும்.

போனால் என்ன சொல்வது? குடும்பக் கஷ்டத்தைச் சொன்னால் ஏலம் நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள். ஏலத்தைத் தடுக்கப் போதுமான காரணம் எது என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 1997இல் மிகக் குறுக்கிவிட்டது. அறிவிப்பு முறைப்படி தரப்படவில்லை, அடமானப் பதிவிலேயே மோசடி இருக்கிறது என்பது போன்றவைதான் எடுபடும். மற்றபடி அங்கே கேட்கக்கூடியது கால அவகாசம். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிய ரசீதும் மீதிக்கான திட்டமும் கையில் இருந்தால், வழக்கறிஞரிடமும் பேங்கிடமும் பேச வழி பிறக்கும்.

உத்தரவு வந்த பின்பும் கதவு மூடிவிடவில்லை. ஏல விற்பனை முடிவதற்கு முன் எந்த நேரத்திலும் கொடுக்க வேண்டியதைக் கொண்டுவந்து கொடுத்து ஏலத்தை நிறுத்தும் உரிமையைச் சட்டத்தின் 266ஆம் பிரிவு தருகிறது. ஏலச் செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். துல்லியமான தொகையை வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

தனிக் கிராண்ட் இன்னும் வெளிவராத காண்டோ, பிளாட்டில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே கடன், உரிமை மாற்று ஒப்பந்தத்தின் பேரில் தரப்பட்டிருக்கும். பேங்க் நீதிமன்றம் போகாமலேயே ஏலம் விட முடியும். மேலே சொன்ன கால அவகாசத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

செத்தாப்பாக் வாசகர்: இனி கட்ட முடியாது என்று தெரிந்துவிட்டது. கடன் 290,000. வீடு 350,000 போகும் என்கிறார்கள். பேங்கே விற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். முதல் ஏலத்தில் அடிப்படை விலை 350,000 என்று வையுங்கள். ஆள் வரவில்லை என்றால் அடுத்த முறை வழக்கமாக 10 விழுக்காடு குறையும்: 315,000. அதற்கும் வரவில்லை என்றால் 283,500. அதற்குள் வட்டியும் வழக்கறிஞர், ஏலதாரர் செலவும் சேர்ந்து கடன் 300,000ஐத் தாண்டியிருக்கும். வீடும் போய், மிச்சக் கடனும் உங்கள் தலையில் நிற்கும். அதை பேங்க் வழக்குப் போட்டுக் கேட்கலாம். மொத்தக் கடன் 100,000 ரிங்கிட்டை எட்டினால் திவால் நடவடிக்கைக்கும் வழியுண்டு.

நீங்களே விற்றால் கணக்கு வேறு. 350,000இல் ஏஜெண்டுக்கு அதிகபட்சம் 3 விழுக்காடும் அதன் மேல் சேவை வரியும், வழக்கறிஞர் கட்டணமும் போக, கடனை அடைத்துக் கையில் கொஞ்சம் மிஞ்சும். முதலில் பேங்கிடம் கடன் தீர்வு அறிக்கை கேளுங்கள். முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் உண்டா என்பது அதில் தெரியும். கடன் வாங்கிய முதல் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் பல ஒப்பந்தங்களில் உண்டு. ஆறாம் ஆண்டு முதல் மலேசியக் குடிமகனுக்குச் சொத்து இலாப வரி இல்லை. முதல் மூன்று ஆண்டுக்குள் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. அந்த ஆண்டுகளில் விற்றாலும், குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்குக் கேட்கலாம். உங்கள் வழக்கறிஞருக்கு அதை நினைவூட்டுங்கள்.

காலத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள். ஒப்பந்தம் போட்டதிலிருந்து பணம் வர மூன்று மாதம், தள்ளினால் இன்னும் ஒரு மாதம். லீஸ்ஹோல்டு வீடு என்றால் மாநில அனுமதிக்கு அதற்கு மேலும் ஆகும். விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதன் நகலையும் வாங்குபவரின் கடன் ஒப்புதல் கடிதத்தையும் வசூல் பிரிவுக்கு அனுப்பி ஏலத்தை நிறுத்திவைக்கக் கேளுங்கள். நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் தங்கள் பணம் வருவது தாளில் தெரிந்தால் பேங்க் அதைப் பரிசீலிக்கும். பராமரிப்புக் கட்டணம், கதவு வரி, நில வரி பாக்கிகளையும் விலையிலிருந்து கழித்துப் பாருங்கள்.

பட்டர்வொர்த் வாசகி: கணவர் இறந்து நான்கு மாதம். கடன் அவர் பெயரில் மட்டும். பேங்க் கடிதம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

அம்மா, பணம் கட்டுவதற்கு முன் கடன் ஒப்பந்தக் கட்டில் எம்ஆர்டிஏ என்ற காப்புறுதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இறப்புச் சான்றிதழோடு பேங்கிடம் கோரிக்கை கொடுங்கள். பணம் நேராகக் கடனுக்குப் போகும். காப்புறுதிக் காலம் கடன் காலத்தைவிடக் குறைவாக எடுத்திருந்தால் முழுக் கடனும் தீராது, அதையும் கேளுங்கள். கோரிக்கை முடியும் வரை தவணைக்கு அவகாசம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நீங்கள் கூட்டுக் கடன்காரரோ ஜாமீன்தாரரோ இல்லை என்றால், உங்கள் சொந்தப் பணத்திலிருந்து அந்தக் கடனைக் கேட்க முடியாது. ஆனால் வீட்டின் மேல் அடமானம் நிற்கும். கணவர் சொக்சோ கட்டியிருந்தால் வாரிசு பென்ஷனுக்கும் விண்ணப்பியுங்கள்.

கெப்போங் வாசகர்: ஒருவர் 30,000 ரிங்கிட் உடனே தருகிறாராம். வீட்டுப் பத்திரத்தில் சில கையெழுத்து மட்டும் போதும் என்கிறார்.

போடாதீர்கள். இப்படிப்பட்டவர்கள் கடன் பத்திரம் என்று சொல்லி விற்பனை ஒப்பந்தத்திலும் பவர் ஆஃப் அட்டர்னியிலும் கையெழுத்து வாங்குவதுண்டு. இரண்டு மாதம் தவறினால் வீடு அவர் பெயருக்குப் போகும். பேங்க் கடன் உங்கள் பெயரிலேயே நிற்கும். உரிமம் உள்ள வட்டிக்கடைக்கும் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது: அடமானத்தோடு ஆண்டுக்கு 12 விழுக்காடு, இல்லாமல் 18. மாதத்துக்கு 10 விழுக்காடு கேட்பவர் ஆலோங்தான், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், நாளைக்கே ஒரு வழக்கறிஞரைப் பிடித்து நில அலுவலகத்தில் தனிப்பட்ட கேவியட் (வீட்டை வேறு பெயருக்கு மாற்றவிடாமல் தடுக்கும் குறிப்பு) பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். போலீஸ் புகாரும் அன்றே கொடுங்கள்.